சிரசாசனம்: தலைகீழாக நிற்கும் முன் கழுத்தும் கண்ணும் தயாரா?

காலை 6.30 மணி. கையில் போன், அதில் ஒரு 30 விநாடி ரீல். ஒருவர் சிரித்தபடியே முழங்கைகளை ஊன்றி, கால்களை உயர்த்தி, சுவரின் துணைகூட இல்லாமல் தலைகீழாக நிற்கிறார். 'முடி கொட்டுறது நிக்கும்', 'மூளைக்கு ரத்தம் பாயும்', 'ஞாபக சக்தி கூடும்' என்று திரையில் வரிகள் ஓடுகின்றன. பார்த்த வேகத்தில் பி.ஜி. ஹாஸ்டல் அறையில் ஒரு போர்வை விரிக்கப்படுகிறது. "மச்சான், காலை மட்டும் பிடிச்சுக்கோடா" என்று ரூம்மேட் அழைக்கப்படுகிறார். இரண்டாவது முயற்சியிலேயே கால்கள் மேலே போய்விடுகின்றன. போட்டோவும் எடுத்தாயிற்று.

மறுநாள் காலையில் கழுத்தைத் திருப்ப முடியவில்லை.

இப்படிப் பிடிப்போடு தப்பித்தால் அதிர்ஷ்டம்தான். சிரசாசனம் கெட்ட ஆசனம் அல்ல. பல ஆண்டுகளாகப் பாதுகாப்பாகச் செய்துவருபவர்கள் ஏராளம். ஆனால், அதைச் செய்யும் நேரத்தில் கழுத்து எலும்புகளிலும் கண்களுக்குள்ளும் என்ன நடக்கிறது என்பது பெரும்பாலானோருக்குத் தெரிவதில்லை. அது தெரிந்துவிட்டால், 'நாம செய்யலாமா, வேண்டாமா, எப்போ ஆரம்பிக்கலாம்' என்ற கேள்விக்கு நீங்களே பாதி பதில் சொல்லிவிடலாம்.

எங்கிருந்து வந்தது இந்தப் புகழ்?

யோகா ஆசிரியர் பி.கே.எஸ்.ஐயங்கார், 1966-ல் வெளியான 'லைட் ஆன் யோகா' நூலில் சிரசாசனத்துக்கு மிக உயர்ந்த இடம் கொடுத்தார். ஆசனங்களின் அரசன் என்ற பெயர் உலகம் முழுக்கப் பரவியதில் அந்த நூலுக்குப் பங்கு உண்டு. அதற்கு முன்பே ஜவாஹர்லால் நேரு, சிறையில் இருந்த நாட்களில் தலைகீழாக நிற்பதைத் தன் உடற்பயிற்சியாக வைத்திருந்தார். அந்த வேடிக்கையான நிலை தன் மனநிலையை இலகுவாக்கியதாகச் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். இஸ்ரேலின் முதல் பிரதமர் டேவிட் பென் குரியன் 1957-ல் கடற்கரையில் தலைகீழாக நிற்கும் புகைப்படம் இன்றும் இணையத்தில் சுற்றிவருகிறது.

நரைமுடி மறையும் என்ற நம்பிக்கை இன்னும் பழையது. சுமார் 15-ம் நூற்றாண்டைச் சேர்ந்த 'ஹடயோக பிரதீபிகை', தலை கீழாகவும் கால் மேலாகவும் இருக்கும் விபரீதகரணியைப் பற்றிச் சொல்லும்போது, ஆறு மாதப் பயிற்சியில் சுருக்கமும் நரையும் மறையும் என்கிறது. இன்றைய ரீல்களில் ஓடும் வாக்குறுதியின் வேர் இதுதான். அதே நூல் அதே இடத்தில் இன்னொன்றும் சொல்கிறது: முதல் நாள் ஒரு கணம் மட்டும் செய்ய வேண்டும், பிறகு நாளுக்கு நாள் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். நரை மறையும் என்ற வரி ரீலுக்கு வந்துவிட்டது. இந்த எச்சரிக்கை வரவில்லை.

கழுத்துக்கு என்ன ஆகிறது?

நாம் நேராக நிற்கும்போது கழுத்து சுமப்பது தலையை மட்டும்தான். எடை சுமார் 5 கிலோ. கழுத்தில் உள்ள ஏழு எலும்புகளும் அதற்கேற்ப சிறியவை. தலையை நாலா பக்கமும் திருப்ப வசதியாக அமைந்தவை. மேல் உடலின் எடையைத் தாங்கும் வேலை இடுப்புக்கு அருகில் உள்ள பெரிய முதுகெலும்புகளுடையது.

சிரசாசனத்தில் இந்த ஏற்பாடு தலைகீழாகிறது. அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை அளந்து பார்த்தார்கள். அனுபவமுள்ள 45 யோகா பயிற்சியாளர்களைச் சிரசாசனம் செய்யச் சொல்லி, உச்சந்தலையில் எவ்வளவு சுமை இறங்குகிறது என்று கருவிகளால் கணக்கிட்டார்கள். 2015-ல் வெளியான முடிவின்படி, அதிகபட்சச் சுமை உடல் எடையில் 40 முதல் 48 சதவீதம் வரை இருந்தது.

இதைக் கிலோவில் போட்டுப் பார்ப்போம். 70 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அது 28 முதல் 34 கிலோ. அதாவது, 25 கிலோ அரிசி மூட்டையை விட அதிகமான சுமை கழுத்தின் மீது. இது பழகியவர்களின் கணக்கு. தோளிலும் முன்கையிலும் வலு இல்லாத புதியவர் செய்தால், கைகள் வாங்க வேண்டிய பங்கும் தலைக்கே போகும்.

சுமை இறங்கும் வேகமும் முக்கியம். மெதுவாகக் கால்களை உயர்த்தினால் தசைகள் சுதாரித்துக்கொள்ளும். ஒரே உதையில் காலைத் தூக்கிப் போட்டாலோ, நண்பர் காலைப் பிடித்து மேலே இழுத்தாலோ தசைகளுக்கு அந்த அவகாசம் கிடைக்காது. தலை கொஞ்சம் சாய்ந்திருந்தால், சுமை எலும்பின் ஒரு பக்கமாக, வட்டுகளின் மீது கோணலாக விழும். ரூம்மேட்டின் உதவி ஆபத்தாவது இங்கேதான். ஏறும் வலு இல்லாத உடலை அவர் ஏற்றிவிடுகிறார்.

பகல் முழுக்க லேப்டாப் முன் கழுத்தை முன்னால் நீட்டி உட்காருபவர்களுக்கு இன்னொரு சிக்கல். தோள்கள் முன்னோக்கி வளைந்து, மேல் முதுகு இறுகியிருக்கும். அந்தத் தோள்களால் தரையை அழுத்தி உடலை மேலே தள்ள முடியாது. கழுத்து அமுங்கும்.

கண்ணுக்குள் அழுத்தம் இரட்டிப்பு

கழுத்து வலித்தால் தெரிந்துவிடும். கண்ணில் நடப்பது தெரியாது.

கண்ணுக்குள் ஒரு திரவம் சுரந்து வடிந்துகொண்டே இருக்கிறது. அதனால் உண்டாகும் அழுத்தம் பொதுவாக 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குள் இருக்கும். சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் 75 யோகா பயிற்சியாளர்களிடம் நடத்திய ஆய்வு 2006-ல் வெளியானது. சிரசாசனத்தின்போது கண் அழுத்தம் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது என்றும், அந்த நிலையில் இருக்கும்வரை அது குறைவதில்லை என்றும் அவர்கள் கண்டார்கள். எல்லா வயதினருக்கும் இதே கதைதான்.

பயப்பட வேண்டுமா? அதே ஆய்வில், இந்தப் பயிற்சியாளர்களிடையே நிரந்தரமான கண் அழுத்த உயர்வு வழக்கத்தைவிட அதிகமாகக் காணப்படவில்லை. ஆரோக்கியமான கண்ணுக்கு இது தற்காலிக ஏற்றம்தான். கிளௌகோமா எனப்படும் கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கு அப்படி இல்லை. ஏற்கெனவே பாதிக்கப்பட்ட பார்வை நரம்பின் மீது இரட்டை அழுத்தம் விழுகிறது. அந்த நரம்பு சேதமானால் இழந்த பார்வை திரும்பாது.

சிக்கல் என்னவென்றால், கிளௌகோமா பலருக்கு ஆரம்பத்தில் எந்த அறிகுறியும் காட்டாது. வலி இருக்காது, பார்வை மங்கலாகவும் தெரியாது. 'எனக்குக் கண்ல ஒரு பிரச்சினையும் இல்லையே' என்று சொல்பவருக்கும் அது இருக்கலாம். அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்களில் யாருக்காவது கிளௌகோமா இருந்தால், நீண்ட நாள் ஸ்டீராய்டு மருந்து எடுத்திருந்தால், கண்ணாடியின் மைனஸ் பவர் மிக அதிகமாக இருந்தால், 40 வயதைத் தாண்டியிருந்தால் வாய்ப்பு கூடுதல்.

கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது இதற்குப் போதாது. கண் மருத்துவரிடம் கண் அழுத்தத்தையும் பார்வை நரம்பையும் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். அதிக மைனஸ் பவர் இருந்தால் விழித்திரையையும் பார்க்கச் சொல்ல வேண்டும். அப்படிப்பட்ட கண்களில் விழித்திரை மெலிந்திருக்கலாம்.

கிளௌகோமா இருப்பது தெரிந்தவர்கள் சிரசாசனத்தை மட்டும் தவிர்த்தால் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. 2015-ல் நியூயார்க் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று, தலை கீழே போகும் நான்கு நிலைகளைச் சோதித்தது. அவற்றில் கண் அழுத்தத்தை அதிகம் ஏற்றியது, எல்லா யோகா வகுப்புகளிலும் சாதாரணமாகச் செய்யப்படும் அதோமுக ஸ்வானாசனம்.

அப்போ, நன்மையே இல்லையா?

இருக்கிறது. ஆனால், சொல்லப்படும் பட்டியலில் பாதியை அடித்துவிட வேண்டும்.

'மூளைக்கு அதிக ரத்தம் பாயும்' என்பதை எடுத்துக்கொள்வோம். தலைகீழாக நின்றால் முகம் சிவக்கிறது, தலை கனக்கிறது, உண்மைதான். அந்த ரத்தம் முகத்திலும் தலையின் மேல்தோலிலும் தேங்குவது. மூளையின் ரத்தக் குழாய்கள் தேவைக்கேற்ப சுருங்கியும் விரிந்தும், தங்களுக்கு வரும் ரத்தத்தின் அளவைப் பெரிய மாற்றமில்லாமல் வைத்துக்கொள்ளும். எனவே, தலைகீழாக நிற்பதால் ஞாபக சக்தி கூடும் என்று சொல்ல அடிப்படை இல்லை. முடி உதிர்வதற்கும் பரம்பரை, ஹார்மோன், இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு, மன அழுத்தம் என்று பல காரணங்கள் உண்டு. அவற்றை ஆசனம் சரிசெய்யாது.

உண்மையில் கிடைப்பது வேறு. தோள், மேல் முதுகு, வயிற்றுத் தசைகள் வலுவடையும். உடலின் சமநிலை கூர்மையாகும். நாள் முழுக்க உட்கார்ந்து காலில் தேங்கும் ரத்தமும் நீரும் இதயம் நோக்கி எளிதாகத் திரும்பும். கால் கனம் குறைந்ததுபோல் இருக்கும். கவனம் சிதறினால் விழுந்துவிடுவோம் என்பதால், அந்தச் சில நிமிடங்களுக்கு மனம் வேறெங்கும் ஓடாது. நேரு சொன்ன இலகுவான மனநிலையும் பலருக்குக் கிடைக்கிறது.

இந்த நன்மைகள் எல்லாவற்றுக்கும் தலைகீழாகத்தான் நிற்க வேண்டும் என்பதும் இல்லை. சிரசாசனத்துக்குத் தயாராகும் பயிற்சிகளிலேயே தோள் வலு வந்துவிடும். கால் வீக்கத்துக்குச் சுவரோரம் படுத்துக் காலை மேலே சாய்த்து வைத்தாலே போதும்.

யார் செய்யவே கூடாது?

கிளௌகோமா, விழித்திரைப் பிரச்சினை அல்லது சமீபத்தில் கண் அறுவை சிகிச்சை செய்தவர்கள். கட்டுப்பாட்டில் இல்லாத ரத்த அழுத்தம், இதய நோய், பக்கவாதம் வந்தவர்கள். கழுத்து எலும்புத் தேய்மானம், வட்டு விலகல், கையில் இறங்கும் மரமரப்பு உள்ளவர்கள். எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள். தலைச்சுற்றல் அல்லது காதுத் தொற்று உள்ளவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். நெஞ்செரிச்சல் அடிக்கடி வருபவர்களுக்கு அமிலம் மேலேறும் தொல்லை கூடும்.

கர்ப்ப காலத்தில் புதிதாகக் கற்க வேண்டாம். விழுந்தால் ஆபத்து இருவருக்கு. மாதவிடாய் நாட்களில் வேண்டாம் என்பது பல யோகா ஆசிரியர்களின் மரபு. அதனால் தீங்கு வரும் என்பதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை. உடல் ஓய்வு கேட்டால் ஓய்வெடுப்பது நல்லது.

தயாரா என்று எப்படித் தெரியும்?

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். மண்டியிட்டு, முன்கைகளைத் தரையில் ஊன்றி, விரல்களைக் கோத்துக்கொள்ளுங்கள். இப்போது முழங்காலை எடுத்து, இடுப்பை மேலே உயர்த்துங்கள். உடல் தலைகீழ் 'வி' போல இருக்கும். யோகா வகுப்புகளில் இதை டால்பின் நிலை என்பார்கள். தலை தரையைத் தொடக் கூடாது. காதிலிருந்து தோள்கள் விலகியிருக்க வேண்டும். இப்படியே இயல்பாக மூச்சுவிட்டபடி ஒரு நிமிடம் நிற்க முடிகிறதா?

முடியவில்லை என்றால், தோள்கள் இன்னும் தயாரில்லை. வாரத்துக்கு நான்கைந்து நாள் இதையே பயிற்சியாகச் செய்யுங்கள். சிலருக்கு ஒரு மாதம் ஆகும், சிலருக்கு ஆறு மாதம் ஆகும். கண் அழுத்தப் பிரச்சினை உள்ளவர்களுக்கு இந்தச் சோதனையும் வேண்டாம். இங்கேயும் தலை கீழேதான் இருக்கிறது.

படிப்படியாகச் செய்வது எப்படி?

முதல் சில மாதங்கள் நேரில் பார்த்துத் திருத்தும் ஆசிரியர் அவசியம். தலை எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தலைகீழாக நிற்பவருக்குத் தெரியாது. வீடியோவுக்கும் தெரியாது.

1. நேரமும் இடமும்: சாப்பிட்டு மூன்று, நான்கு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். யோகா மேட்டின் மீது நான்காக மடித்த போர்வை போதும். மெத்தையும் தலையணையும் வேண்டவே வேண்டாம். மெதுமெதுப்பில் தலை புதைந்து கழுத்து சாயும். சுற்றிலும் நாற்காலி, கட்டில் விளிம்பு எதுவும் இருக்கக் கூடாது. சுவரோரம் தொடங்குவது நல்லது.

2. அடித்தளம்: மண்டியிட்டு, ஒரு கையால் மறுகையின் முழங்கையைப் பிடித்து அளவு பாருங்கள். அந்த அகலத்திலேயே முழங்கைகளை ஊன்றி, விரல்களைக் கோத்துக்கொள்ளுங்கள். முழங்கைகள் விலகினால் சுமை முழுக்கத் தலைக்குப் போகும்.

3. தலை வைக்கும் இடம்: உள்ளங்கையின் அடிப்பகுதியை இரு புருவங்களுக்கு நடுவில் வைத்தால், நடுவிரல் நுனி தொடும் இடம்தான் உச்சந்தலை. அந்த இடம் தரையில் பட வேண்டும். நெற்றிப் பக்கமோ பின்மண்டைப் பக்கமோ நகர்ந்தால் கழுத்து வளையும்.

4. அழுத்தம்: முன்கைகளால் தரையை நன்றாக அழுத்தி, தோள்களை மேலே தூக்குங்கள். எடையை எங்கே தாங்குவது என்பதில் யோகா மரபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஐயங்கார் தன் நூலில் எடை தலையில் இருக்க வேண்டும், கைகள் துணைக்கு மட்டுமே என்கிறார். வேறு சில மரபுகள் முன்கைகளே சுமக்க வேண்டும் என்கின்றன. புதியவர்களுக்கு இரண்டாவதுதான் பாதுகாப்பு. 'தலைக்கும் தரைக்கும் நடுவுல ஒரு காகிதம் நுழையணும்' என்ற எண்ணத்தோடு அழுத்துங்கள்.

5. ஏறுவது: முழங்காலை எடுத்து, பாதங்களை மெல்ல மெல்ல முகத்தை நோக்கி நடத்திவாருங்கள். இடுப்பு தோளுக்கு நேர் மேலே வரும்போது பாதங்கள் தாமாகவே லேசாகும். ஒரு முழங்காலை மார்புக்குக் கொண்டுவாருங்கள், பிறகு அடுத்தது. உதைக்கக் கூடாது. உதைத்தால்தான் ஏற முடிகிறது என்றால் இன்னும் நேரம் வரவில்லை.

6. பாதி வழியில் நில்லுங்கள்: முழங்கால்கள் மடங்கிய இந்த நிலையில் ஐந்து மூச்சு நிற்கப் பழகுங்கள். சில வாரங்களுக்கு இதுவே போதும். இது ஆடாமல் நிலைத்த பிறகே கால்களை நீட்ட வேண்டும்.

7. நேரம்: தொடக்கத்தில் 10, 15 விநாடிகள். மூச்சைப் பிடிக்கக் கூடாது. மூச்சு திணறினால் அல்லது தோள் தளர்ந்தால் உடனே இறங்கிவிட வேண்டும்.

8. இறங்குவது: பலர் அடிபடுவது இங்கேதான். களைத்த பிறகு காலைப் பொத்தென்று போட்டுவிடுவார்கள். ஏறிய வழியிலேயே முழங்காலை மடித்து, மெதுவாகப் பாதங்களைத் தரைக்குக் கொண்டுவாருங்கள். உடனே எழாமல், குதிகால் மேல் உட்கார்ந்து நெற்றியைத் தரையில் சாய்க்கும் பாலாசனத்தில் ஒரு நிமிடம் இருங்கள். சட்டென்று எழுந்தால் தலை சுற்றும்.

விழப் போகிறோம் என்று தெரிந்தால் கோத்த விரல்களை விட்டு, முழங்காலை மடக்கி, முகவாயை மார்போடு ஒட்டி உருள வேண்டும். விறைப்பாக நின்று சமாளிக்கப் பார்த்தால் கழுத்துதான் அடி வாங்கும். உருளுவதையும் ஆசிரியரிடம் முன்கூட்டியே கற்றுக்கொள்வது நல்லது.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

பயிற்சியின்போது கழுத்தில் வலி, கையில் மின்சாரம் பாய்வதுபோல் சுரீர் என்ற உணர்வு, மரமரப்பு, கண்ணில் அழுத்தம், தலைவலி எது வந்தாலும் அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிடுங்கள். 'பழகிட்டா சரியாயிடும்' என்று தொடரக் கூடாது.

கண் முன் மின்னல் வெட்டுவது, திடீரென்று நிறைய கரும்புள்ளிகள் மிதப்பது, திரை விழுந்ததுபோல் பார்வையில் ஒரு பகுதி மறைவது ஆகியவை விழித்திரை விலகலின் அறிகுறிகளாக இருக்கலாம். அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், தலைச்சுற்றலோடு திடீர்க் கடும் கழுத்து வலி இருந்தால் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

மாற்று வழி என்ன?

சுவரோரம் மல்லாந்து படுத்து, இரு கால்களையும் சுவரில் சாய்த்து நேராக வைத்து 5 முதல் 10 நிமிடம் இருக்கலாம். இடுப்புக்குக் கீழே எதுவும் வைக்க வேண்டாம். கழுத்தில் சுமையே இல்லை. நியூயார்க் ஆய்விலும் இந்த நிலையில் கண் அழுத்தம் அதோமுக ஸ்வானாசனத்தைவிடக் குறைவாகவே ஏறியது. என்றாலும், கிளௌகோமா உள்ளவர்கள் இதற்கும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். வேலை முடிந்து வந்த மாலையில் கால் வலிக்கு இதைவிட எளிய நிவாரணம் கிடையாது. தோள் வலுவுக்கு டால்பின் நிலை, சமநிலைக்கு ஒற்றைக்காலில் நிற்கும் விருட்சாசனம் என்று பிரித்துச் செய்தாலே சிரசாசனத்தின் பெரும்பகுதிப் பலன் வந்துவிடும்.

ஐயங்காருக்கும் பட்டாபி ஜோயிஸுக்கும் ஆசிரியரான டி.கிருஷ்ணமாச்சார்யா, 1950-களில் சென்னைக்கு வந்து, 1989-ல் மறையும்வரை இங்கேயே கற்பித்தார். மைசூரில் இளைஞர்களுக்குக் கடினமான ஆசனங்களைக் கற்றுக்கொடுத்தவர், சென்னையில் ஒவ்வொருவராக உட்காரவைத்து, அவரவர் வயதுக்கும் உடல்நிலைக்கும் ஏற்ப ஆசனங்களை மாற்றிக் கொடுத்தார். ஒருவருக்குக் கொடுத்ததை இன்னொருவருக்கு அப்படியே கொடுக்கவில்லை. ரீலில் நிற்பவருடைய கழுத்தும் கண்ணும் வேறு, பார்ப்பவருடையது வேறு. ஆசைப்படுபவர்கள் இந்த வாரம் ஒரு கண் பரிசோதனைக்கு நேரம் வாங்கிவிட்டு, டால்பின் நிலையில் எத்தனை விநாடி நிற்க முடிகிறது என்று எண்ணத் தொடங்கலாம். கால் மேலே போகும் நாள் தானாக வரும். வராவிட்டாலும் நஷ்டம் ஒன்றும் இல்லை.